மலைத் தண்ணீருக்கு ஒரு மெஷின்

காரவள்ளியில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வாந்தியை அடக்கிக்கொண்டு கொல்லிமலைக்கு வந்து சேரும் எங்கள் உறவினர்கள், ஆகாயகங்கை அருவியில் தலையைக் கொடுத்தபடியே, "ஆகா, மூலிகைத் தண்ணி!" என்று நாலு மடக்கு குடிப்பார்கள். அதே ஆட்கள் செம்மேட்டில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் நான் நீட்டும் சொம்பை உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னும் ஆர்.ஓ. போடலீங்களா?" என்பார்கள்.

இதில் முதல் ஆள் என் மச்சான். திருச்செங்கோட்டுக்காரர். நாடு முழுக்க போர் போடக் கிளம்பும் ரிக் வண்டிகளின் ஊர் அது. பாறைக்குள்ளிருந்து எடுத்த தண்ணீரில் வளர்ந்தவர். அவர் வீட்டுக் குழாய் முனையில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும், பருப்பு வேகாது. அவருக்கு ஆர்.ஓ. வேண்டியதுதான். நோய் அவருக்கு, மருந்து எனக்கு என்பதுதான் புரியவில்லை.

அவர் சொல்லி ஒரு விற்பனைப் பையன் வந்தான். டை கட்டியிருந்தான், இத்தனை வளைவுக்கும் அது கலையாததே பெரிய விஷயம். இரண்டு டம்ளர் கேட்டான். ஒன்றில் எங்கள் ஊற்றுத் தண்ணீர், மற்றதில் அவன் பாட்டிலில் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். கம்பிகள் நீட்டிய ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி ஸ்விட்சைப் போட்டான்.

"இப்பப் பாருங்க சார், அழுக்கு எப்படி வெளிய வருதுன்னு."

பார்த்தோம். கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை. பிறகு எங்கள் டம்ளரில் மட்டும் லேசாகப் பழுப்பு தட்டியது. பையன் முகம் மலர்ந்தது. அதற்குள் அம்மா அவனுடைய பாட்டில் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்து, "உப்புச் சப்பில்லாம இருக்குதே கண்ணு" என்று சொல்லி, அவன் டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டார். அவ்வளவுதான், சாக்கடை மாதிரி குமுறிக்கொண்டு வந்தது. வேறொன்றுமில்லை, கரைந்து துருவானது அவனுடைய இரும்புக் கம்பி. தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், கம்பி கரையும். உப்பே இல்லாத ஆர்.ஓ. தண்ணீரில் பாயாது. வீடு வீடாக நடக்கும் வித்தை இதுதான்.

விடாமல் டி.டி.எஸ். மீட்டரை எடுத்தான். கரைந்திருக்கும் உப்பைச் சொல்லும் பேனா. எண்பது சொச்சம் காட்டியது. இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை போகலாம் என்கிறது. அதற்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ.வே கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் சொல்லியாயிற்று. ஒரு குடம் நல்ல தண்ணீர் கொடுக்க இரண்டு மூன்று குடத்தை வெளியே தள்ளும் மெஷின் அது. "அதைச் செடிக்கு விடலாம் சார்" என்றான். இங்கே செடிக்கு மலையே விடுகிறது, தம்பி.

சௌரிராஜன் என்ற நம் நாட்டு விஞ்ஞானி, சிட்னி லோபுடன் சேர்ந்து கலிபோர்னியாவில் 1960-ஐ ஒட்டி ஆர்.ஓ.வுக்கான சவ்வை உருவாக்கியது, லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீரைக் குடிநீராக்குவதற்கு. அதை என் அடுப்பங்கரையில் மாட்டினால் அவருக்கே அவமானம்.

அதற்காக மூலிகைத் தண்ணீர் என்று கண்ணை மூடிக் குடிக்கவும் முடியாது. "மூலிகை மேல இருக்குதுன்னா மாடும் மேலதானே மேயுது?" என்று அம்மா எப்போதோ தீர்ப்பு சொல்லிவிட்டார். ஐப்பசி மழையில் குழாய்த் தண்ணீர் டீ நிறத்தில் வரும். கிருமி இருக்கிறதா என்று அந்தப் பேனாவுக்குத் தெரியாது. காலரா கிருமியையே கலக்கினாலும் எண்பதுதான் காட்டும். பானையில் தேற்றாங்கொட்டை உரசினால் கலங்கல் தெளியும், கிருமி அத்தனையும் போகாது.

அடுத்தது யூ.வி. விளக்கு. கிருமியைக் கொல்லும், ஆனால் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும், கரண்டும் இருக்க வேண்டும். மழையில் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் ஒன்று கம்பிமேல் சாய்ந்தால் எங்களுக்கு இரண்டும் ஒரே நாளில் போகும்.

கடைசியில் வாங்கியது யூ.எஃப். வடிகட்டி. கரண்டு வேண்டாம், நூல் மாதிரிக் குழாய்களின் நுண்துளைகளில் பாக்டீரியா நின்றுவிடும். மழைக்காலத்தில் வேட்டித் துணியில் வடித்து, அதில் ஊற்றி, தளதளவென்று கொதிக்கவும் வைக்கிறோம்.

மச்சான் அடுத்த முறை வந்தபோது வடிகட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிளக் எங்கே என்று தேடினார். விலை கேட்டார், சொன்னேன்.

"இவ்வளவு கம்மியா? அப்புறம் அது எப்படிங்க மாமா சுத்தம் பண்ணும்?"