விரல் ஒன்றுக்கு 14 சதவீதம்

அரசாங்கத்துக்கு உழைத்துக் கை போனவர்களுக்கு முதலில் ஓர் ஆறுதல்: உங்கள் ஒவ்வொரு விரலுக்கும் கணக்கு இருக்கிறது. 1923-ஆம் வருஷத்து இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையைப் பாருங்கள். ஆட்காட்டி விரல் முழுசாகப் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீதம் இழப்பு. நடுவிரலுக்கு 12. ஆட்காட்டி விரலில் ஒரு கணு மட்டும் போனால் 9. எலும்பு தப்பி நுனி மட்டும் துண்டானால் 5. கறிக்கடையில்கூட இவ்வளவு நறுவிசாக எடை போடமாட்டார்கள்.

நாற்பது வயதுப் பெண் ஒருத்தி 2024-ல் நகராட்சிக் குப்பை லாரியில் ஆட்காட்டி விரலைக் கொடுத்துவிட்டாள் என்று வையுங்கள். மாதக் கூலி எவ்வளவு வாங்கினாலும் சட்டத்தின் கண்ணுக்கு 15,000-தான் உச்சம். அதில் 60 சதவீதத்தை வயதுக்குரிய 184.17-ஆல் பெருக்கி, 14 சதவீதம் எடுத்தால் 2,32,054 ரூபாய். (இ.எஸ்.ஐ. பிடித்திருந்தால் இந்தப் படி ஏற வேண்டாம். ஏறுவதற்கு வேறு படி இருக்கிறது.)

அதைக் கேட்கப் போகும்போதுதான் அவளுக்குத் தெரியவரும், தான் நகராட்சி ஆளே இல்லை என்பது. விடியற்காலை பெயர் கூப்பிட்டுத் தெரு ஒதுக்குவது நகராட்சி. வெள்ளம் வடிந்த மறுநாள் சால்வை போட்டுப் படம் பிடித்துக்கொள்வதும் நகராட்சி. விரல் போன நிமிஷத்திலிருந்து அவள் கான்ட்ராக்டரின் ஆள். கான்ட்ராக்டர் சப்-கான்ட்ராக்டரைக் கைகாட்டுவார். சப்-கான்ட்ராக்டரின் போன் அணைந்திருக்கும்.

அந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவோ, வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டவரே இழப்பீடு கொடுக்க வேண்டும், கான்ட்ராக்டரிடம் வசூலிப்பது அவர் பாடு என்று பச்சையாகச் சொன்னது. அலுவலகப் பிரதியில் அந்தப் பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது போலும். 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வந்து பழைய சட்டத்தை விழுங்கிவிட்டது. அட்டை புதுசு, மேஜைக்காரர் பழசு.

“கையுறை போட்டிருந்தியாம்மா?”

“கொடுக்கவே இல்ல சார்.”

“அதைக் கேக்கல. போட்டிருந்தியா, இல்லியா?”

“இல்ல சார்.”

எழுதிக்கொள்கிறார்: தொழிலாளியின் கவனக்குறைவு.

வெறும் கவனக்குறைவைக் காட்டி இழப்பீட்டை மறுக்கச் சட்டத்தில் இடமே இல்லை. குடித்திருக்க வேண்டும், அல்லது பாதுகாப்பு விதியைத் தெரிந்தே மீறியிருக்க வேண்டும், அல்லது பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றியிருக்க வேண்டும். கொடுக்காத கையுறையைக் கழற்றுவது எப்படி? அதற்கும் ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பத் தெரிந்த மேதைகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. நஷ்டஈட்டில் நாலு காசு மிச்சம் பிடித்துவிட்டதாக அவர்களுக்கு ஒரு பெருமை வேறு. வெட்கங்கெட்ட பெருமை.

ஒரு மாதத்துக்குள் பணத்தைக் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி. தக்க காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதம். நிர்வாகம் இதற்கு ஏன் அஞ்சுவதில்லை என்று குழம்ப வேண்டாம். வட்டியும் அபராதமும் போவது ஊரார் கட்டிய வரியிலிருந்து; அந்தப் பெண் சோப்பு வாங்கும்போது கட்டிய வரியும் அதில் சேர்த்தி. ஃபைலை அமுக்கி வைத்தவரின் சம்பளத்தில் ஒரு ரூபாய் குறையாது. தீர்ப்பு வருவதற்குள் அவருக்குப் பதவி உயர்வு வந்துவிடும். மேல்முறையீட்டுக்குக் கையெழுத்துப் போடப்போவதும் அவர்தான்.