மாம்பழப் பெட்டியும் 38 டிகிரியும்

சித்தூர்ப் பக்கம் கோடையில் இரண்டு மலிவு: மாம்பழ அட்டைப்பெட்டி, வெயில். முன்னதை வெட்டி ஒட்டிப் பின்னதை வென்றுவிடலாம் என்று கத்தரிக்கோலோடு கணினி முன் உட்காருகிறவர்கள் உண்டு.

சிரிக்க வேண்டாம், விஷயம் இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு சூடாக்கிய காற்றையே பிராசசர் விசிறி திரும்பத் திரும்ப உறிஞ்சும். கணினியின் பக்கக் கதவில் ஓட்டை போட்டு, விசிறி வரை அட்டையில் ஒரு குழாய் வைத்தால் வெளிக்காற்று நேரே வரும். பென்டியம் 4 அனல் கக்கிய காலத்தில் இன்டெல்லே கேபினட் செய்பவர்களுக்கு இந்த மாதிரிக் குழாயைச் சிபாரிசு செய்தது. அறை வெப்பம் 35 டிகிரி, விசிறி வாயில் 38க்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு.

அந்த அறை திருப்பதியில் இல்லை. இங்கே வெளிக்காற்றே 40ஐத் தாண்டும். கோடை உச்சமான ரோகிணிக் கார்த்தியில் கல்லுரலே வெடிக்கும் என்பது தெலுங்குச் சொலவடை; பிராசசர் எம்மாத்திரம்? 2022இல் சித்தூரிலிருந்து திருப்பதியைத் தனி மாவட்டமாக்கினார்கள். வெயிலை மட்டும் பாகம் பிரிக்கவில்லை.

ஆனாலும் குழாய் வீண் இல்லை. பெட்டிக்குள் வெந்து கிடக்கும் காற்றுக்கு 42 டிகிரிக் காற்று தேவலை. கரண்ட் போனால் இன்னும் விசேஷம்: கணினி தானே ஆறிவிடும், செல்லோடேப் செலவுகூட இல்லை.