மீண்டு வந்த இரத்தவோட்டத்துக்கு வரவேற்பு மடல்

பெருமதிப்பிற்குரிய இரத்தவோட்டமே, வருக!

உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனாலும் உடல் பெறும் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை இங்கேயே கொண்டுவந்து கொட்டியவர் தாங்கள். நடு மூளைத் தமனியில் ஓர் இரத்தக்கட்டி குறுக்கே உட்கார்ந்ததும், வம்பு எதற்கு என்று ஒதுங்கி நின்றீர்களே, அந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும்! நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நியூரான்கள் மடிந்தோம் என்பது மருத்துவர்களின் கணக்கு. வரவேற்புப் பந்தலைச் சிறிதாகப் போட்டாலே போதும் என்று ஆக்கிக் கொடுத்தீர்கள்.

வள்ளலே!

தாங்கள் இல்லாத நேரத்தில் எங்கள் மைட்டோகாண்ட்ரியாக்களில் சக்சினேட் குவிந்து கிடந்தது. கட்டி விலகி, தாங்கள் ஆக்சிஜனோடு நுழைந்ததும் அது மளமளவென்று எரிய, எலக்ட்ரான்கள் வந்த வழியே திரும்பி ஓட, சூப்பராக்சைடு பொங்கியது. ஏற்கெனவே கால்சியம் நிரம்பியிருந்த மைட்டோகாண்ட்ரியாக்கள் துளைபட்டுச் சிதைந்தன. பட்டினியால் சாகாதவனைப் பந்தியில் உட்காரவைத்துக் கொல்லும் கொடை, கர்ணனுக்கும் கைவராதது.

படைத்தலைவரே!

தனியாக வருவது தங்களுக்கு அழகா? நியூட்ரோஃபில் வெள்ளணுப் படையையும் கூட்டிவந்தீர்கள். கிருமி ஒன்றுகூட இல்லாத இடத்தில் அவர்கள் காட்டிய வீரத்துக்கு ஈடில்லை. எம்எம்பி-9 என்ற நொதியால் இரத்த-மூளைத் தடுப்பின் அடிச்சவ்வை அரித்தார்கள். நீர் கசிந்து மூளை வீங்கியது. ஆஞ்சியோ படத்தில் தமனி பளிச்சென்று திறந்து தெரிய, டாக்டர்கள் கைகுலுக்கிக்கொண்டார்கள். நுண்குழாய்களிலோ அதே படையினர் வழிமறித்து நிற்க, கடைக்கோடியில் இருந்தவர்களுக்கு ஒரு சொட்டும் வரவில்லை.

நடுநிலை தவறாதவரே!

1995-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், கட்டி கரைக்கும் ஊசி போட்டுக்கொண்டவர்களில் 6.4 சதவீதத்தினரின் மூளைக்குள் தாங்கள் இரத்தக்கசிவாகச் சுவரேறிக் குதித்து நிலைமையை மோசமாக்கினீர்கள்; வெற்று மருந்து பெற்றவர்களில் இது 0.6 சதவீதம்தான். ஆனால் மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், பெரிய ஊனமின்றித் தேறியவர்களும் ஊசி போட்டவர்களிலேயே அதிகம். தங்களை நம்பியும் வாழ முடியாது, நம்பாமலும் வாழ முடியாது என்ற தத்துவத்தை இதைவிடத் தெளிவாக யார் போதிப்பார்!

புனரமைப்புச் செம்மலே!

இடிபாட்டை மைக்ரோகிளியாக்கள் அள்ளுகின்றன. அஸ்ட்ரோசைட்டுகள் தழும்புச் சுவர் எழுப்புகின்றன. எஞ்சிய நாங்கள் புதுக் கிளைவிட்டு, மாண்டவர்கள் பார்த்த வேலையைப் படிக்கிறோம். சட்டைப் பொத்தானைப் போட நோயாளியின் வலதுகை மாதக்கணக்கில் தடவுகிறது. கல்வெட்டில் மட்டும் தங்கள் பெயரையே பொறிக்கிறோம். சர்க்கரையும் ஆக்சிஜனும் தந்தவர் தாங்கள்தானே!

தங்கள் வருகையைத் தாமதப்படுத்திய பெருமக்களை மறந்தால் நன்றி கொன்றவர்களாவோம். வாய் கோணி, கை விழுந்த பிறகும், “தூங்கி எழுந்தா சரியாயிடும்” என்று தைலம் தேய்த்துப் படுக்கவைத்த குடும்பத்தாருக்கும் இந்த மாலையில் பாதி உரியது. ஊசிக்கு நாலரை மணி நேரம் கெடு இருக்கும்போது அவசரம் எதற்கு?

இங்ஙனம்,
எஞ்சிய நியூரான்கள்