காங்கோ நாயம்

வா அப்புனு, உக்காரு. பெல்காமுக்கு டிக்கெட் போட்டாச்சுன்னு உன்ற அம்மா சொன்னா. விமானப்படையில அக்னிவீரு! டீக்கடையில உனக்கு ஏற்கெனவே ரஃபேல் ஓட்டக் குடுத்துட்டாங்க. நீ மறுத்துப் பேசாதே. ரஃபேல் நிக்கற கொட்டாய்க்குள்ள நுழையறதுக்கே உனக்குச் சீட்டு வேணும்னு அவங்களுக்கு எதுக்குத் தெரியோணும்? நாலு வருசம் கழிச்சு நூத்துக்கு இருபத்தஞ்சு பேரைத்தான் நிறுத்திக்குவாங்களாம். மிச்சப் பேருக்கு வேலை போனாலும் நாயம் மிஞ்சுமில்ல? அதை எப்படிச் சேத்து வெக்கறதுன்னு பெல்காமுல சொல்லித் தரமாட்டாங்க. அதுக்குத்தான் அப்புச்சி இருக்கறேன்.

விமானப்படையில பறக்கறவங்க கொஞ்சம் பேரு. மத்தவங்க எல்லாம் தரையில நின்னு அண்ணாந்து பாக்கறவங்க. நானும் அந்தக் கூட்டந்தான். 1961 அக்டோபருல அஞ்சாம் நம்பர் ஸ்குவாட்ரன் ஆறு கான்பெரா விமானத்தை எடுத்துக்கிட்டு ஆக்ராவுல இருந்து காங்கோவுக்குப் போச்சு. ஐக்கிய நாடுகள் சபை கேட்டுது, நேரு அனுப்பினாரு. அதுல நான் இன்ஜின் ஃபிட்டரு. திரும்பி வந்ததும் ஊருல, "கான்பெராவுல இருந்தேன்"னு சொன்னேன். "கான்பெராவுக்கு அடியில இருந்தேன்"னு சொல்லியிருந்தா இன்னும் நிசம். ஆனா அடியில இருந்தவனுக்கு எவன் டீ வாங்கித் தருவான்? பொய் சொல்லாதே அப்புனு, பாவம். ஒரு சொல்லைக் கொறைச்சுச் சொல்லு, போதும்.

அத்தனை தொலவு எதுக்குப் போனீங்கன்னு கேப்பாங்க. அதுக்கு வெடை வெச்சிருக்கோணும். காங்கோவுக்குப் பெல்ஜியத்துக்கிட்ட இருந்து 1960 சூன் 30-ல விடுதலை. சூலை 11-ந்தேதி, அதுல ஒரு மாகாணமான கட்டாங்கா இனி தனி நாடுன்னு அங்கத்துத் தலைவரு சோம்பே அறிவிச்சுட்டாரு. தாமிரம், கோபால்ட்டு எல்லாம் கட்டாங்காவுலதான். கெணத்துப் பக்கத்துத் தோட்டம் எவன் பங்குல விழுந்துச்சோ அவன்தானே மொதல்ல தனிக்குடித்தனம் போவான்? அதேதான். பின்னால பெல்ஜியச் சொரங்கக் கம்பெனிக்காரங்க, முன்னால வெள்ளைக்காரக் கூலிப்படை, நடுவுல சோம்பே.

இப்பச் சொல்றதை நீ சிரிக்காம சொல்லிப் பழகோணும். சிரிச்சா மருவாதி போயிரும். 1961 செப்டம்பருல கட்டாங்காக்காரங்ககிட்டப் பறக்கற நெலையில இருந்தது ஒரே ஒரு ஃபூகா மஜிஸ்டரு. பிரெஞ்சுக்காரன் பண்ணுன பயிற்சி விமானம். பையனுக ஓட்டிப் பழகற வண்டி. அந்த ஒத்தை வண்டி வானத்துல சுத்துனா ஐ.நா. படை மொத்தமும் பள்ளத்துல படுத்துக்கும். சுட்டு வெரட்ட ஐ.நா.கிட்ட ஒரு சண்டை விமானம் கெடையாது. கட்டாங்காவுல ஜாடோவில்லுங்கற ஊருல ஐ.நா.வோட அயர்லாந்துப் பட்டாளத்தானுக நூத்தியம்பது பேருக்கு மேல சுத்தி வளைச்சுட்டாங்க. தண்ணியும் தோட்டாவும் தீந்து சரணடைஞ்சாங்க. அதே மாசம் 18-ந்தேதி ஐ.நா. தலைமைச் செயலாளர் ஹாமர்ஷோல்டு போன விமானம் இண்டோலா பக்கத்துல விழுந்து, மனுசன் போயே போயிட்டாரு. அப்பறந்தான் ரோசனை வந்துச்சு. சுவீடன், எத்தியோப்பியா, இந்தியா. பழகற வண்டி ஒண்ணை அடக்க மூணு தேசத்து விமானப்படை.

அந்த ஜாடோவில்லு முற்றுகையைப் படமா எடுத்து 2016-ல விட்டாங்களே, நீதானே போனுல காட்டுனே? கான்பெரா வருமான்னு கடைசி வரைக்கும் கண்ணு இமைக்காமப் பாத்தேன். எங்க வரும், நாங்க போனதே அதுக்கு அடுத்த மாசம்.

மொதல்ல லியோபோல்டுவில்லு. இப்போ கின்சாசாங்கறாங்க. அங்கிருந்து கட்டாங்காவுக்குள்ள கமினா. பெல்ஜியக்காரன் தனக்குன்னு பாத்துப் பாத்துக் கட்டுன தளம். நீள நீளமா ஓடுதளம், அதைத் தாண்டுனா பொதருதான். சுவீடன்காரங்க வண்டி உருண்டு திரண்டு இருக்கும். அவங்களே அதுக்குப் பறக்கும் பீப்பாய்னு பேரு வெச்சிருந்தாங்க. வேலை முடிஞ்சா அரை டவுசரோட வெயில்ல மல்லாந்து கெடப்பாங்க. ஊருல அவங்களுக்கு வெயிலே கெடையாதாம். எனக்கு ஊருல இருந்ததே அது ஒண்ணுதான். நான் கான்பெரா றெக்கை நெழல்ல குத்த வெச்சிருப்பேன். "பயமா?"ன்னு கேட்டான் ஒருத்தன். "ஆமாங், கறுத்துப் போயிருவேன்"னேன்.

புத்தைப் பத்திச் சொல்லோணும். கட்டாங்காவுல கரையான் புத்து நம்ம மாட்டுக் கொட்டாயைவிட ஒசரம். காடு பூராவும் அதுதான். கூட இருந்த மதுரைப் பக்கத்துப் பையன் மொத நாளே செருப்பைக் கழட்டிட்டுக் கும்புட்டான். வெள்ளிக்கெழமை மெஸ்ஸுல போயிப் பாலும் முட்டையும் கேட்டிருக்கறான். மெஸ்ஸுக்காரரு பஞ்சாபி, பையன் ஒடம்பைத் தேத்தப் பாக்கறான்னு நெனச்சு ரெண்டு முட்டை எச்சாவே குடுத்தாரு. சாமிக்கு ஒண்ணு, பூசாரிக்கு மூணு. தளத்துலயே கொழுத்துப் போனவன் அவன்தான்.

தீனின்னதும் ஞாபகம் வருது. அங்கத்துச் சனங்களுக்குச் சோறே நம்ம குச்சிக்கெழங்கு. ஊற வெச்சுக் காய வெச்சு மாவாக்கிக் களி கிண்டறாங்க. அது போகட்டும், எலையைக்கூட விடறதில்ல. ஒரல்ல இடிச்சு, வெகு நேரம் வேக வெச்சு, செவப்பா ஒரு பனையெண்ணெய் ஊத்தித் தின்னறாங்க. நம்ம ராசிபுரத்துப் பக்கம் கெழங்கை ஜவ்வரிசி மில்லுக்கு ஏத்திட்டு, எலையை ஆடு கடிச்சாச் செத்துப் போயிரும்னு ஓடி ஓடி வெரட்டறோம். அவங்க இடிச்சு வேக வெச்சே அந்த வெசத்தை முறிச்சுப் போடறாங்க. அந்தக் கெழங்குக்கு அங்கயும் பொறந்த மண்ணு இல்ல, இங்கயும் இல்ல. தென் அமெரிக்காவுல இருந்து வந்த ஒறம்பரை. வந்த எடத்துல எல்லாம் அவனவன் புத்திக்குத் தக்கன வாழ வெச்சிருக்கறான். இதை வந்து உன்ற அம்மிச்சிகிட்டச் சொன்னேன். "அங்க சமைக்கத் தெரிஞ்சவ இருக்கறான்னு சொல்ல வர்றீங்களா?"ன்னா. அதோட நிறுத்திக்கிட்டேன். அடுத்தது பாசை. கட்டாங்காவுல சுவாகிலி. 'ஜாம்போ'ன்னா வணக்கம். அந்த ஒரு சொல்லை வெச்சு அறுவது வருசமா இந்த ஊருல பன்மொழிப் புலவனா இருக்கறேன்.

இனி சண்டை. டிசம்பரு 5-ந்தேதி கட்டாங்காத் தலைநகரு எலிசபெத்வில்லுல மூண்டுது. கூர்க்காப் படையில கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா அன்னைக்குத்தான் செத்துப் போனாரு. பரமவீர சக்கரம் குடுத்தாங்க. எங்க வண்டிக கொல்வேசி விமானத் தளத்துக்குப் போயி, நின்னுக்கிட்டிருந்த விமானங்களைச் சுட்டுட்டு வந்துதுக. கான்பெராவைச் சாவி திருகிக் கெளப்ப முடியாது அப்புனு. தோட்டா வெடிச்சுத்தான் இன்ஜின் சுத்தோணும். குப்புன்னு கரும்பொகை, கண்ணு எரியும், வாயெல்லாம் மருந்து வாசம். வயித்துக்கு அடியில இருபது மில்லிமீட்டரு பீரங்கி நாலு. பைலட்டு மேல உக்காந்திருப்பாரு. நாவிகேட்டரு உள்ள மூக்குப் பக்கம் இருப்பாரு, சமயத்துல குப்புறப் படுத்துக்கிட்டு. அடிபட்டா வெளிய தூக்கி எறியற சீட்டு பைலட்டுக்கு மட்டுந்தான். அந்த மாடல்ல நாவிகேட்டருக்குக் கெடையாது. ஒருத்தருகிட்ட ஒருக்காக் கேட்டே போட்டேன். "எங்க பைலட்டுக்குக் கடன் குடுத்து வெச்சிருக்கறேன், விட்டுட்டுக் குதிக்கமாட்டாரு"ன்னுட்டு ஏறிப் போயிட்டாரு. டீக்கடையில எத்தனையோ நீட்டிப் பேசியிருக்கறேன், இதை மட்டும் நீட்டறதில்ல.

போன வண்டி வந்து எறங்கற வரைக்கும் தரையில இருக்கறவன் பேசமாட்டான். எறங்குனதும் தோட்டாப் பட்ட ஓட்டையத் தேடோணும், ஒட்டுப் போடோணும், இன்ஜினைத் தொறக்கோணும். இதையெல்லாம் எவனும் கேக்கமாட்டான். "குண்டு போட்டீங்களா?"ன்னுதான் கேப்பாங்க. நீ மீசையைத் தடவிக்கிட்டு, "அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுங்க"ன்னுரு. மீசை வெச்சுக்கறதுக்கு விதி இருக்குது, கேட்டுக்கிட்டு வெய்யி.

1962-ல சீனாக்காரன் வந்ததுக்கு அப்பறம் எங்களுக்கு அங்க சோலியில்ல, கூப்பிட்டுக்கிட்டாங்க. இங்க பாத்தா, ஆப்பிரிக்காவுல போயிச் சண்டை போட்ட கான்பெராவைச் சொந்த எல்லையில படமெடுக்க மட்டும் அனுப்புனாங்க; அடிக்க அனுப்பல. மலை மேல பட்டாளத்தானுக்கு அரிசியும் தோட்டாவும் போட்டதோட விமானப்படை வேலை முடிஞ்சுது. ஏன்னு டெல்லியில இன்னும் புஸ்தகம் எழுதறாங்களாம். உன்னை எவனாச்சும் கேட்டா, "எங்க அப்புச்சி அப்ப லீவுல இருந்தாரு"ன்னு சொல்லிப் போடு.

ஐ.நா. குடுத்த பதக்கம் பீரோவுல இருக்குது. ஆகஸ்டு பதினஞ்சுக்குப் பள்ளிக்கூடத்துல என்னையக் கூப்புடுவாங்க. குத்திக்கிட்டுப் போவேன். கொடி ஏத்தறது ரைஸ்மில்லுக்காரரு. என்ற கையில மிட்டாய்த் தட்டு. பையனுக நான்தான் மிட்டாய்க்காரன்னு நெனச்சிருக்கறானுக.

அட, மறந்தே போச்சு. நாலு வருசத்துக்காரனுக்குக் கேன்டீன் கார்டு உண்டா, உண்டுன்னா ரம்மு எத்தனைன்னு போனதும் விசாரிச்சுப் போடு. என்ற கார்டுல வர்றது உன்ற மாமனுக்கே பத்தறதில்ல. போனைப் போடறப்ப அம்மிச்சிகிட்டக் குடுக்கச் சொல்லாதே, என்றகிட்டவே பேசு.