துருதுரு மனிதர்

எலுமிச்சம்பழத்தை முன்சக்கரத்துக்கு அடியில் வைக்கக் குனிந்தேன். எனக்கு முன்பே அங்கே ஒரு தலை இருந்தது.

“பழத்த அந்தப் பக்கம் வைங்க சார், வெளிச்சத்த மறைக்குது” என்றது தலை.

ஷோரூமிலிருந்து வண்டி வந்து இருபது நிமிடம்கூட ஆகவில்லை. பானெட்டில் போட்ட மாலை வாடவில்லை. மனைவி ஆரத்தித் தட்டோடு நிற்கிறாள். தலையும் அதைத் தொடர்ந்து உடம்பும் மெல்ல வெளியே வந்தன. முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு, ஸ்கேன் ரிப்போர்ட்டைப் புரட்டிய டாக்டர் மாதிரி ஒரு மூச்சு விட்டார். “சைலன்சர் ஜாயிண்ட்ல செவப்பு தட்டியிருக்கு. பாத்துக்குங்க.”

ஆரத்தி எடுத்தோம். ஒருவருக்கும் மனம் ஒட்டவில்லை. வெல்டிங் வைத்த அந்த இடம் புதுக் காரிலும் சீக்கிரமே சிவந்துவிடும், அது மேலோட்டமான துரு, பயப்பட ஒன்றுமில்லை என்று மெக்கானிக் சொன்னது பத்து நாள் கழித்து. அந்தப் பத்து நாளும் நான் தூங்கியதாக ஞாபகம் இல்லை.

இவரை உங்களுக்குத் தெரியும். எங்கள் குடியிருப்பில் ஓய்வுபெற்ற பொறியாளராக இருக்கிறார். உங்கள் குடியிருப்பில் வங்கி மேலாளராகவோ தலைமையாசிரியராகவோ இருக்கக்கூடும். யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை என்று ஒரு வரி போடச் சொன்னாள் மனைவி; போட்டுவிட்டேன். வயதுக்கு மீறிய சுறுசுறுப்பு. துருதுருவென்று இருப்பார். அதில் ஒரு துரு அவருடையது, இன்னொன்று நம் வண்டியுடையது. பிள்ளைகள் சுருக்கமாகத் ‘துரு தாத்தா’ என்கிறார்கள்.

சாவி விழுந்தால் நாம் குனிகிறோம். பெரியவர் காலைத் தொடக் குனிகிறோம். இவர் குனிவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் வண்டியை ஒரு பிரதட்சணம் வருவார். நமக்கு நெஞ்சு பதறும் கீறலையும் நசுங்கலையும் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். அதெல்லாம் அவருக்கு மேக்கப். பிறகு இடுப்பில் செருகிய நேற்றைய பேப்பரை உருவித் தரையில் விரிப்பார். எப்போதும் விளையாட்டுப் பக்கம்தான். ராசிபலன்மேல் முழங்கால் வைக்க அவர் மனம் ஒப்பாது. இடது கை பம்பரில். வலது கையில் செல்போன் டார்ச். தலையைச் சாய்த்து உள்ளே விடுவார். அப்புறம் அமைதி.

அந்த அமைதிதான் ஆளைக் கொல்வது. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம், உள்ளேயிருந்து “ம்ம்…” மட்டும் வரும். சொந்தக் காரின் பக்கத்தில் நாம், விடைத்தாள் திருத்தும் வாத்தியார் மேஜையருகே நிற்கும் பையனாக நிற்போம். அடுத்து சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் வரும். அதன் பிடியைத் திருப்பிக் கதவுக்குக் கீழே ரன்னிங் போர்டு நெடுகத் தட்டிக்கொண்டே போவார், தர்பூசணிக் கடையில் பழம் தட்டுகிறவர்போல. டங், டங், டங்… தப்.

‘தப்’ கேட்டதும் நிறுத்திவிட்டு நம்மை நிமிர்ந்து பார்ப்பார். முகத்தில் சோகம் இருக்கும், கண்ணில் இருக்காது.

“எத்தன வருஷ வண்டி?”

ஏற்கெனவே மூன்று முறை சொல்லியிருப்போம். மறுபடி சொல்வோம்.

“இத்துப்போச்சு சார்.”

வண்டியைப் பார்த்து ‘துருப்பிடித்திருக்கிறது’ என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அது நோய், வைத்தியம் உண்டு. ‘இத்துப்போச்சு’ தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது.

இடம் பொருள் பார்க்கிற வழக்கமும் இல்லை. கல்யாண மண்டப வாசலில், ரோஜாவும் சம்பங்கியும் சுற்றி மாப்பிள்ளை அழைப்புக்கு நின்ற காரின் அடியில் ஒருமுறை தலையை விட்டுவிட்டார். நாதஸ்வரக்காரர்கள் இரண்டு பாட்டுக் கூடுதலாக வாசிக்க வேண்டியிருந்தது. ஒரு துக்க வீட்டில் அமரர் ஊர்தியையும் விடவில்லை. அன்று அவர் குனிந்ததைப் பார்த்து, பெரியவர் துக்கம் தாளாமல் சரிகிறார் என்று இரண்டு பேர் ஓடிவந்து கைத்தாங்கலாகத் தூக்கினார்கள். தூக்கியவர் காதில், “கிராஸ் மெம்பர் போயிருக்கு, மெதுவா ஓட்டச் சொல்லுங்க” என்றார். அந்த வண்டியில் போகிறவருக்கு என்ன அவசரம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கும், சொல்லவில்லை.

அவர் சொல்வது பொய்யாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். பெரும்பாலும் உண்மையாக இருந்து தொலைக்கிறது. நாங்கள் இருப்பது திருவான்மியூரில், கடலுக்கு மூன்று தெரு தள்ளி. இரும்போடு ஈரமும் காற்றும் சேர்ந்தால் துரு. அந்த ஈரத்தில் உப்புக் கரைந்திருந்தால் மின்சாரம் சுலபமாக ஓடும். மாதத்தில் நடக்க வேண்டியது வாரத்தில் நடக்கும். பால்கனிக் கம்பி, ஏ.சி. வெளிப்பெட்டி, சைக்கிள் செயின் எல்லாம் எங்கள் தெருவில் ஒரே நிறம். போதாக்குறைக்குக் கார் துடைக்கிற பையன் அடிப்பதும் உப்புக் கரிக்கும் போர் தண்ணீர்தான். மேலே நுரை பொங்க ஷாம்பூ. கீழே ஒரு குவளை நல்ல தண்ணீர் கிடையாது. “மாசத்துக்கு ஒருதரம் அடியில நல்ல தண்ணி அடிங்க” என்று அவர் தலையில் அடித்துக்கொள்கிறார். யாரும் அடிப்பதில்லை. சொல்கிற விதம் அப்படி. மழை பெய்த மறுநாள் காலை பிரேக் டிஸ்க் செந்தூரம் பூசியதுபோல் இருக்கும். தெரு முனையில் ஒருமுறை பிரேக்கை மிதித்தால் போய்விடும். அதற்கும் அதே பெருமூச்சு, அதே “ச்சு” என்றால் எதைத்தான் நம்புவது?

டெட்ராய்ட் பக்கம் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்ததிலிருந்து இன்னும் மோசம். அங்கே குளிர்காலத்தில் பனி உருக ரோடெல்லாம் உப்பைக் கொட்டுகிறார்கள். “ஊருக்கு அடியிலேயே உப்புச் சுரங்கம் இருக்கு சார்! மேல கார் செய்யறான், கீழ உப்பு தோண்டறான்!” இதை அவர் புராணம்போலச் சொல்வார். நயாகரா போனீர்களா என்று கேட்டேன். “போனோம். ஈரம் ஜாஸ்தி.”

டில்லி இரும்புத் தூண் விஷயம்தான் உச்சம். மெஹ்ராலியில் சுமார் 1,600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. இரும்பில் பாஸ்பரஸ் அதிகம் இருப்பதால் மேலே மெல்லிய காப்புப் படலம் படிந்து துருவைத் தடுக்கிறது என்கிறார்கள். உலகமே அதை அண்ணாந்து பார்க்கிறது. இவர் போய்வந்து சொன்னது: “மேல சரி சார். மண்ணுக்குள்ள இருக்கற பாகம் துருப்புடிச்சுத்தான் இருந்திருக்கு. 1961-ல தோண்டிப் பாத்து ஈயத் தகடு சுத்தி வெச்சிருக்கான்.” தப்பாக இருக்க வேண்டுமே என்று தேடிப் பார்த்தேன். சரியாக இருந்தது. சுற்றி வேலி போட்டிருந்ததால் குனிய முடியவில்லை என்பதுதான் அவருக்குக் குறை. குப்தர் காலத்துத் தூணுக்கே இந்தக் கதியென்றால் என் ஹாட்ச்பேக் எம்மாத்திரம்?

சரி, வைத்தியமாவது சொல்வாரா? அண்டர்கோட்டிங் அடிக்கவில்லை என்றால், “அடிக்கலியா? போச்சு.” அடித்தோம் என்றால், “கழுவிக் காய வெச்சு அடிச்சானா? ஈரத்தோட மூடியிருப்பான் சார். இனிமே உள்ளுக்குள்ளேயே இத்துப்போகும், வெளிய தெரியாது.” அந்தக் காலத்தில் பழைய எஞ்சின் ஆயிலை டீசலில் கலந்து அடிப்பார்களே என்றால், “ரப்பர் புஷ்ஷெல்லாம் ஊறிப்போகும்.” எல்லாக் கதவையும் சாத்திவிட்டுச் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார், ஸ்க்ரூடிரைவருக்குப் பக்கத்தில். ஒருநாள் கெஞ்சிக் கேட்டதற்குத்தான் முழு முறையையும் சொன்னார்: உதிர்கிற துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுக்க வேண்டும், உப்புத்தாள் போட்டு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்க்க வேண்டும், கழுவி, நன்றாகக் காயவிட்டு, ரெட் ஆக்சைடோ ஜிங்க் பிரைமரோ அடிக்க வேண்டும், அதற்கு மேல்தான் கோட்டிங். இத்தனை வைத்தியமும் அவருக்குத் தெரிந்தேதான் இருந்தது. நமக்குத் தர மனசில்லை, அவ்வளவுதான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஓர் ஐப்பசி மழை. கதவைச் சாத்தும்போதெல்லாம் உள்ளே ‘களக்’ என்று தண்ணீர் ஆடியது. அவர் வந்தார். பேப்பர் விரிக்கவில்லை, ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தார். கதவின் கீழ் விளிம்பில் தண்ணீர் வடிய நாலைந்து சின்ன ஓட்டைகள் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். எல்லாம் மண் அடைத்துக் கிடந்தன. துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, குழந்தைக்குக் காது சுத்தம் செய்கிற பக்குவத்தில் ஒவ்வோர் ஓட்டையாகக் குத்திவிட்டார். ஒவ்வொரு கதவிலிருந்தும் செம்மண் நிறத்தில் அரைச் சொம்பு தண்ணீர் கொட்டியது. எழுபத்திரண்டு வயதில், வேட்டியெல்லாம் சேறாக நாலு கதவுக்கும் செய்தார். காபி குடித்தார். “தப்பிச்சுது” என்றார். அந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

இதோடு முடித்திருந்தால் நல்ல மனிதரைப் பற்றிய நல்ல கட்டுரையாக இருந்திருக்கும். முடிக்க முடியாமல் தடுப்பது எங்கள் கார் பார்க்கிங்கின் கூரை.

மூன்று வருஷமாக அங்கே கம்பி தெரிகிறது. இரும்பு துருவாக மாறினால் பருத்து இடத்தை அடைக்கும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி பருத்தால் சுற்றியுள்ளதைப் பிளந்து தள்ளும். கடலோரக் கட்டடங்களில் பழகிய சங்கதி. செய்ய வேண்டியதும் காருக்கு அவர் சொன்ன அதே வேலைதான்: உதிர்வதைக் கொத்தியெடு, கம்பியைத் தேய், துரு தடுக்கும் பூச்சைப் பூசு, திரும்ப மூடு. பொறியாளருக்கு இதை நான் சொல்ல வேண்டாம். குடியிருப்போர் சங்கத்தின் தலைவரும் அவர்தான். கூரை விஷயம் மூன்று கூட்டங்களில் வந்தது. மூன்றிலும் ‘அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்’. போன முறை, “கட்டடம்னா கொஞ்சம் உதிரத்தான் செய்யும்” என்று சொன்னார். சைலன்சர் ஜாயிண்டில் பொட்டு அளவு சிவப்பைக் கண்டுபிடித்து என் புதுக் காரின் ஆரத்தியைக் கெடுத்தவர் சொன்னது இது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கூரைக்குக் கீழேதான் பிள்ளைகள் மழைநாளில் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை விடியற்காலை, தோசைக்கல் அகலத்துக்கு ஒரு துண்டு விழுந்தது. அவர் காரின்மேல்தான். எந்நேரமும் உறை போட்டு மூடிய கார். ஈரத்தோடு மூடினால் உறைக்குள் என்ன நடக்கும் என்பதை அவரிடம் யார் சொல்வது? உறை இருந்ததால் பெரிய சத்தமில்லை. வாட்ச்மேன் போய்ச் சொல்லவும் இறங்கி வந்தார். உறையை விலக்கினார். மேல்தகட்டில் விழுந்திருந்த பள்ளத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து பேப்பரை உருவி விரித்து, முழங்கால் போட்டு, அடியில் டார்ச் அடித்தார்.

“சேஸிஸுக்கு ஒண்ணும் ஆகல” என்றார். மேலே பார்க்கவில்லை.

எங்கள் குடியிருப்புக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: சங்கக் கூட்டம் வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு, மொட்டை மாடியில். பி பிளாக்காரர்கள் போன தடவை நாலே பேர் வந்தீர்கள். இந்தத் தடவையாவது எல்லோரும் வந்து கை தூக்குங்கள்.