ஒட்டற கடைக்கு ஒரு வெட்டிப் பேச்சு

ஸ்டிக்கரும் சட்டையெழுத்தும் ஒட்டற கடைக்குப் பேரு வெச்சாச்சு, விசிட்டிங் கார்டு அடிச்சாச்சு, இன்ஸ்டாகிராம்ல பக்கமும் தொறந்தாச்சு. இனி மிசினு ஒண்ணுதான் பாக்கியாமே? நல்லா இருக்குது கண்ணு உன்ற வரிசை. திருப்பூர்ல காலமெல்லாம் பிரிண்டிங் டேபிளைக் கட்டியழுத அப்பிச்சி இங்க திண்ணையில சும்மாதான் உக்காந்திருக்கறேன். நீ மிசினு விக்கறவன்கிட்டயே போயி எதை வாங்கறதுன்னு கேட்டிருக்கறே. இருக்கறதுலயே சின்னதை எடுன்னா சொல்லுவான்?

வாங்கு சாமி, எட்டு வேலையை ஒண்ணே செய்யற அந்த ஹீட் பிரஸ்ஸையே வாங்கு. சட்டை, தொப்பி, தட்டு, கப்பு எல்லாத்தையும் அழுத்தலாம். நம்மூர்லதான் எவனும் டம்ளர்ல காப்பி குடிக்கறதில்லையே, மூஞ்சி போட்ட கப்புக்கு வரிசை கட்டி நிப்பாங்க பாரு. ஒரு கண்ணாலத்துக்கு ஒரு கப்பு வித்தீன்னா, அடுத்த கண்ணாலம் வரைக்கும் கப்பு அழுத்தற உதிரியெல்லாம் அலமாரியில தூங்கும். அதே காசுக்கு 15க்கு 15 இஞ்சுல, தட்டையா, கனமா, சட்டைக்குன்னே ஒண்ணு வந்திருக்கும். கடையிலயே 150 டிகிரி வெக்கச் சொல்லி, நடுவுலயும் நாலு மூலையிலயும் சூடு ஒண்ணா இருக்குதான்னு தனி மீட்டர் வெச்சுப் பாரு. ஒரு மூலை ஆறிக் கெடந்தா, அங்க ஒட்டுன எழுத்துத்தான் மொதத் தொவையலுக்கே எந்திரிச்சு நிக்கும். திரையில தெரியற நம்பரை நம்பாதே, அது மிசினு தன்னைத்தானே மெச்சிக்கறது.

வெட்டற மிசினு நாலடி வேணுமாக்கும்? பைக்குக்கும் ஆட்டோவுக்கும் ஒட்டறவனுக்கு ரெண்டடி தாராளம். மிச்சக் காசைக் கத்தியில போடு. சாதா வினைலுக்கு 45 டிகிரி கத்தி, தடிச்சதுக்கு 60. கத்தி எச்சா எறங்குனா பின்தாளும் சேந்து வெட்டுப்படும். எறங்கலீன்னா உரிக்கறப்ப எழுத்தும் கூடவே வந்துரும். ஹாஃப் கட்டு சரியா விழுவுதான்னு ரோலோட ஓரத்துல சின்னதா ஒரு கட்டம் வெட்டிப் பாக்காம வேலையில கை வெக்காதே.

அப்பறம் இருக்குது தமிழு. இங்கிலீசுல ஆர்டர் வந்தா பொழச்சுக்குவே. ‘கருப்பராயன் துணை’ன்னு ஒருத்தன் வந்து நிக்கட்டும், மிசினு வெட்டிப்போடும், உரிக்கற எடத்துலதான் கருப்பராயன் உன்னைச் சோதிப்பான். புள்ளி பொடிசா இருந்தா கழிவோட கழிவாப் போயிரும். கத்தியோட ஆஃப்செட்டு தப்பா இருந்தா வட்டம் முடியற எடத்துல சேராது, அப்பவும் புள்ளி போச்சு. பொறகு அந்த ஆட்டோக்காரன் ‘கருபபராயன’ துணையிலதான் ஊரைச் சுத்தோணும். புள்ளியைச் சித்தே பெருசாக்கு. ஒண்ணுமேல ஒண்ணு ஏறுன கோட்டையெல்லாம் கோரல்ட்ராவுல வெல்ட் பண்ணு, இல்லீன்னா சுழிக்குக் குறுக்கால கத்தி ஓடிரும். மிசினுக்கு அள்ளிக் குடுத்துப்போட்டு டிரான்ஸ்பர் டேப்புல மிச்சம் புடிக்கற கெட்டிக்காரனும் இருக்கறான். எழுத்து தாள்லயே ஒட்டிக் கெடக்கும், டேப்பு மட்டும் கையோட வரும்.

ரோலு விலை ஏன் இப்படி ஏறி எறங்குதுன்னு கேட்டியே. மலிவு வினைலு சப்பாத்தி மாவாட்டம் உருளையில இழுத்துத் தேச்சது; காஸ்ட் வினைலு தோசையாட்டம் ஊத்தி எடுத்தது. இழுத்ததுக்குப் பழைய அளவு மறக்காது. சித்திரை வெயில் பட்டா ஓரம் சுருங்கி, சுத்தியும் பசைக்கோடு தெரியும். கடைக் கண்ணாடிக்கு அது போதும். பெட்ரோல் டேங்க் வளைவுக்கு ஊத்துனதுதான் நிக்கும். ரெண்டையும் ஒரே விலைக்குச் சொல்லி மலிவை ஒட்டற யோசனை இருந்தா கடையை வேற ஊர்ல போடு, இங்க என்னையத்தான் கேப்பாங்க. நம்பர் பிளேட்டுக்குன்னு ரேடியம் ரோலையும் குவிக்காதே. 2019 ஏப்ரல் 1க்குப் பொறகு வந்த வண்டிக்கெல்லாம் உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட்டு வண்டியோடயே வருது.

சட்டைக்கு ரோலே வேற. சூட்டுல ஒட்டறது. அதைக் கண்ணாடியில தெரியறாப்பல திருப்பி வெட்டோணும். மறந்தீன்னா கபடி டீம்காரன் தன் பேரைப் படிக்கறதுக்கு முடிவெட்டற கடைக்குப் போகோணும். அவன் கேக்கறதும் சேப்புப் பாலியஸ்டர், அதுல வெள்ளை நம்பர். நீயும் சூட்டை ஏத்தி வெச்சு அழுத்துவே. துணிச்சாயம் ஆவியாயி வெள்ளைக்குள்ள ஏறும், கொஞ்ச நாள்ல நம்பர் ரோசாப்பூக் கலருக்கு வந்துரும். அதுக்குச் சாயத்தைத் தடுக்கற ரோலு, கம்மிச் சூட்டுல ஒட்டறது, தனியா விக்குது. சப்ளிமேஷனைப் பருத்தியில போட்டுப் பாக்கற ஆசையும் வேண்டாம், அது வெளிர்நெறப் பாலியஸ்டருக்குத்தான் புடிக்கும்.

பிலிம்ல அடிக்கற டி.டி.எஃப். பிரிண்டரா? வாங்கு, ஆனா தெனமும் ஆர்டர் கூட்டியா. வெள்ளை மை அடியில தங்கற சாதி. நாலு நாள் ஓட்டாம உட்டா ஹெட்டு அடைச்சுக்கும். அதுக்குத் திருப்பூர்ல மீட்டர் கணக்குல பிலிம் அடிச்சுக் குடுக்கறாங்க, வாங்கியாந்து அழுத்திக் குடு. காதர்பேட்டையில சட்டை எடுக்கறப்ப 180 ஜி.எஸ்.எம்.னு வாயில சொன்னாப் போதாது, எடை போட்டுப் பாரு. எடுத்ததுல ஒண்ணைத் தொவைச்சு எவ்வளவு சுருங்குதுன்னும் பாரு. ரோலு ஒட்டறதுக்கு முன்னால வெறுஞ்சட்டையை அஞ்சு நொடி அழுத்து, ஈரம் போவட்டும்.

ஒட்டுனதை ஒரு நாள் ஆற உட்டு உன்ற அமுச்சிகிட்டக் குடு. கம்பெனிக்காரன் அம்பது தொவையல் தாங்கும்பான், அவனோட தொவையல் மிசினுக்குள்ள. அமுச்சி பார் சோப்பு போட்டு, பிரஷ்ஷுல தேச்சு, கல்லுல அடிக்கறவ. அந்த அடியில அஞ்சு வாட்டி நின்ன ரோலை மட்டும் கடைக்கு வாங்கு.

இன்னொண்ணு. மோட்டார் ரூம்லயே கடை போட்டா கரண்டு ஓசின்னு உன்ற அம்மாகிட்டச் சொன்னியாமே. அந்த லைன் வெவசாயத்துக்குக் குடுத்தது கண்ணு. உன்ற பிரஸ்சு ஆயிரத்துச் சொச்சம் வாட்டு இழுக்கும், ஈ.பி.காரங்க வந்தாங்கன்னா அபராதம் என்ற பேருக்குத்தான் வரும். கடைக்குத் தனியா மீட்டர் எழுதிக் குடு. பாரத்துல எடத்துக்காரன் கையெழுத்து வேணும்னா பொழுதோட வா. வர்றப்ப டிராக்டருக்கு ஒரு ‘அங்காளம்மன் துணை’ வெட்டியா. மூணு புள்ளியும் இருக்குதான்னு எண்ணிப் பாத்துப்போட்டுத்தான் பேனாவை எடுப்பேன்.