வெயில் யாருக்கு வருமானம்?

2024 ஜனவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் உலக முதலீட்டாளர் மாநாடு நடந்தது. 6.64 லட்சம் கோடி ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்டார்கள். தமிழ்நாட்டு வெயிலும் காற்றும் ஏசி அரங்கில் நல்ல விலைக்குப் போயின. வெயிலில் நிற்கிறவர்களை மட்டும் யாரும் அழைக்கவில்லை.

அவர்களைப் பார்க்க விரும்பும் முதலீட்டாளர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போகலாம். மரக்காணத்தில் சாலையோரமே உப்பளம். தலையில் துண்டு, உப்புநீரில் ஊறி வெடித்த பாதம், கையில் உப்பு வாரும் பலகை. கடல்நீரின் அடர்த்தி போமே கணக்கில் 3 டிகிரி. வெயிலும் காற்றும் அதை வற்றவைத்து 25 டிகிரிக்கு ஏற்றினால் பாத்தியில் உப்பு விளைகிறது. உலைக்கு நிலக்கரி வேண்டாம், கரும்புகை கிடையாது. பருவநிலை மாநாடுகளில் இன்று பேசுகிற பசுமைத் தொழிலை இந்த ஊர் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறது. மெகாவாட்டில் அளக்க முடியாதே, அதனால் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.

உப்பளம் என்பது என்ன என்று நம் சட்டங்களைக் கேட்டுப் பாருங்கள், தலை சுற்றும். பாத்தி கட்டி, வரப்பு போட்டு, பம்பு வைத்துத் தண்ணீர் பாய்ச்சி, விளைந்ததை வாருகிறார்கள். ஆனாலும் விவசாயம் அல்ல, ஆகவே இலவச மின்சாரம் கிடையாது. 2019-இல் வந்த பிரதமரின் குசும் திட்டம் சோலார் பம்பு தருகிறது, அதுவும் விவசாயிக்குத்தான். சரி, ஈரநிலமா? 2017 ஈரநில விதிகள் உப்பு உற்பத்திக்காக அமைத்த இடங்களை வெளியே தள்ளிவிட்டன. பக்கத்திலுள்ள கழுவெளி ஈரநிலம் 2021-இல் பறவைகள் சரணாலயமானது, 2024-இல் சர்வதேச ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. பறவைகள் நன்றாக இருக்கட்டும், அவற்றுக்காவது ஒரு சட்டம் இருக்கிறது. அரசியல் சாசனமோ உப்பை மத்தியப் பட்டியலில் 58-ஆவது இனமாக வைத்திருக்கிறது. அதைக் கவனிக்கும் உப்பு ஆணையரின் தலைமை அலுவலகம் ஜெய்ப்பூரில். ஆமாம், கடலே இல்லாத ராஜஸ்தானில்! மரக்காணத்து மனு அங்கே போய்ச் சேருவதற்குள் பாத்தியில் இரண்டு அறுவடை முடிந்துவிடும்.

ஆற்றல் திட்டம் என்றால் என்னவென்று இந்தக் கரைக்குத் தெரியாமல் இல்லை. பக்கத்துச் செய்யூரில் 4,000 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் வரப்போகிறது என்று பல ஆண்டுகள் மிரட்டிவிட்டு, 2015-இல் டெண்டரை ரத்து செய்தார்கள். இப்போது பசுமைச் சாயம் பூசிய கோப்புகள் வருகின்றன. பசுமை யாருக்குப் பலன் தந்தது என்பதற்குக் கமுதி சாட்சி. சுமார் 2,500 ஏக்கரில் அதானியின் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம், 2016-இல் திறப்பு. யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு தருவதாக நம் மின்வாரியம் 25 ஆண்டுக்கு எழுதிக் கொடுத்தது. நிலையம் திறந்த மறு ஆண்டே ராஜஸ்தானின் பட்லாவில் சூரிய மின்சார ஏலம் 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கியது. சூரியன் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். நட்டத்தில் தவிக்கும் வாரியத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்? உங்கள் வீட்டு மின்கட்டண ரசீதைப் பாருங்கள்.

கடலுக்குள் காற்றாலை நட 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் ஒதுக்கியது. குஜராத்துக்கு 500 மெகாவாட், தமிழ்நாட்டுக்கு 500. கம்பெனிகளுக்குக் கட்டுப்படியாகாதாம், அதற்காக இந்த உதவி. மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இல்லாமல் குந்தியிருக்கும் தொழிலாளிக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகாதுதான். அதற்கு மாநில அரசு தருவது 5,000 ரூபாய். அதே ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து இந்தப் பாத்திகளை மூழ்கடித்துப் போனது. புயல்கள் உக்கிரமாகிவருவதற்குக் காரணமான புகையில் மரக்காணத்துப் பங்கு எவ்வளவு என்று யாராவது கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

குஜராத்தின் கட்ச் சிறு ரண் பகுதியில் உப்பு விளைவிக்கும் அகரியாக்களுக்கு அந்த மாநில அரசு 80 சதவீத மானியத்தில் சோலார் பம்பு கொடுத்தது. விளைந்த வருமானத்தைப் பம்புக்கு ஊற்றும் டீசல் தின்றுகொண்டிருந்த இடம் அது. அந்தக் கோப்பை வாங்கிப் படித்து மரக்காணத்துக்கும் வேதாரண்யத்துக்கும் தூத்துக்குடிக்கும் அதையே செய்ய உலக மாநாடு எதுவும் தேவையில்லை, அமைச்சர்களே. ஒரு அரசாணை போதும்.